எலிசா வளைவு

சேசு மரி சூசை

ஃப்ரீமான்ட்
14 செப்டம்பர் 1986

அன்புத் தம்பி தேவதாசுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் சுகமும் பிலோமினாவின் சுகமும் அறிய ஆவல். போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறாய். காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் மருமகள் எலிசாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. கோவிலில் ஞானோபதேச வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வருகிற மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவாள். சேர்க்கப் போன அன்று சாமியார் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார். நானும் உன் அத்தானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் ஏது?

நீ டெக்சஸில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்தாயே, அந்த ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? எனக்கு எட்டாம் மாதம். "ஆற்றைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம்" என்று அத்தான் மலைக்கு அழைத்துப் போனார். சான் லாசரோ என்று பலகையில் இருந்ததை நீதான் லாசர் ஆறு என்று மாற்றினாய். அந்த வளைவில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தபோதே எனக்கு வலி எடுத்தது. அத்தான் உதவி தேடிக் கீழே ஓடினார். அவர் திரும்புவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. நீலமாக, சத்தமே இல்லாமல். நர்ஸ் வேலை பார்க்கிறவள்தான் நான். ஆனாலும் அன்றைக்குப் பிள்ளை போய்விடும் என்றே நினைத்தேன். "ஏலே, நின்னு பாக்காத. தண்ணிய எடுத்து ஊத்து" என்று உன்னை அதட்டினேன். நீ பிளாஸ்க் மூடியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, அவள் தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்லி முடித்தாய். அதன்பிறகுதான் அழுதாள்.

ஆபத்தில் யார் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும், இரண்டாம் முறை கிடையாது, மீதிச் செபங்களுக்கும் ஏட்டில் எழுதவும் ஒரு நாள் வாருங்கள் என்று அப்போதிருந்த பழைய சாமியார் சொன்னார். "அதான் செல்லுமே" என்று அத்தான் தள்ளிப்போட்டார். நானும் தள்ளிப்போட்டேன். அந்தச் சாமியாரும் இறந்துபோனார். இப்போதிருப்பவர் சொல்வது இது: தண்ணீர் ஊற்றியவர் நடந்ததைத் தம் கையால் எழுதித் தர வேண்டும். மே மாதம் மீதிச் செபங்களைச் சொல்லும்போது அவரே வந்து ஞானத் தகப்பனாக நிற்க வேண்டும். ஆக, எழுது. பிறகு வந்து சேர்.

இன்னொரு விஷயம். நம் லாசர் ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். கட்டினால் நம் வளைவு தண்ணீருக்கடியில் போய்விடும். இரண்டு வருடம் முன்பு அந்தக் காட்டையே வில்டர்னஸ், அதாவது யாரும் கைவைக்கக் கூடாத காடு, என்று அரசாங்கம் அறிவித்தபோது உனக்குச் சந்தோஷமாக எழுதினேன். அது போதாது, ஆற்றைப் பெயர் சொல்லி மத்திய அரசின் ஆற்றுப் பட்டியலில் சேர்த்தால்தான் அணை வராது என்று சிலர் சொல்கிறார்கள். சேர்க்கச் சொல்லிச் சிபாரிசு செய்யலாமா என்று வன இலாகா ஜனங்களைக் கேட்கிறது. அத்தானோ, "குடைக்குள்ள நிக்கிறவனுக்கு இன்னொரு குடை எதுக்கு?" என்கிறார். தண்ணீர் படித்தவன் நீ. நீ சொல்.

உன் அக்கா
ஜோசபின்

*

பார்சிப்பனி
நியூ ஜெர்சி
2 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருவரும் நலம். பிலோமினா இங்கே குளிர் தொடங்குமுன்பே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

சாமியாருக்கு எழுதியது இதனுடன் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்தப் பிள்ளையின் தலையில் ஆற்றுத் தண்ணீரை நான் ஊற்றினேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தமிழில் சொன்னேன். இதற்குச் சாட்சி நானும் என் அக்காவும் மட்டுமே. நடந்தது செல்லும் என்று தெரியும். ஆனால் பார்த்தவர்கள் ஊர் மாறுவார்கள், ஒரு நாள் இல்லாமலும் போவார்கள். ஆகவே யாரும் மாற்ற முடியாத இடத்தில் இதை எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." என் ஆங்கிலத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். தாய்மாமனும் ஞானத் தகப்பனும் ஒரே ஆள் என்றால் சீரும் இரட்டிப்பாகச் செய்ய வேண்டுமா என்று பிலோமினா கவலைப்படுகிறாள்.

ஆறு விஷயத்தில் அத்தான் சொல்வது சரிதான். வில்டர்னஸுக்குள் இருக்கும் ஆறு ஏற்கெனவே காப்பில்தான் இருக்கிறது. கூடுதல் அறிவிப்பு தேவையில்லை. தவிர, அது செப்டம்பரில் வற்றிச் சின்ன ஓடையாகிவிடுகிற ஆறு. அதைப் பற்றி நீங்கள் வீணாக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எலிசாவுக்கு முத்தங்கள்.

தங்கள் அன்புத் தம்பி
தேவதாஸ்

*

சேசு மரி சூசை

ஃப்ரீமான்ட்
1 நவம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளில் எழுதுகிறேன். எல்லாரும் சுகம். எலிசாவுக்கு மட்டும் முன்பல் ஆடுகிறது. பல் விழுமுன்பே அதற்கு என்ன கிடைக்கும் என்று விசாரிக்கிறாள்.

நீ எழுதியதைச் சாமியார் இரண்டு தடவை படித்தார். "உன் தம்பி வக்கீலா?" என்று கேட்டார். இல்லை, தண்ணீர் இஞ்ஜினியர் என்றேன். சிரித்தார்.

ஆற்றைப் பற்றி நீ எழுதியதை அத்தானிடம் காட்டினேன். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பிறகு என்னுடன் வேலை பார்க்கும் ஒருத்தி ஒரு சின்னப் புத்தகம் தந்தாள். வில்டர்னஸ் சட்டத்திலேயே ஒரு கதவு வைத்திருக்கிறார்களாமே? நாட்டு நன்மைக்கு என்று ஜனாதிபதி நினைத்தால் அந்தக் காட்டுக்குள்ளும் அணைக்கு அனுமதி கொடுக்கலாமாம். ஆறு தன் பெயரில் பட்டியலில் ஏறிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடுமாம். அப்படியானால் குடையில் ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இது உனக்குத் தெரியாதா? தெரியாமல் இருக்காதே.

போன சனிக்கிழமை மூவரும் வளைவுக்குப் போய்வந்தோம். அங்கங்கே மரங்களில் ஆரஞ்சு நிற ரிப்பன் கட்டியிருந்தது. அளக்கிறவர்கள் கட்டியது என்று அத்தான் சொன்னார். எலிசா பிறந்தநாள் அலங்காரம் என்று நினைத்து ஒன்றை அவிழ்க்கப் போனாள், வேண்டாம் என்றேன்.

அது கிடக்கட்டும். நீ லாசர் ஆற்றைப் பார்த்தது ஒரே ஒரு ஆகஸ்டில். செப்டம்பரில் அது வற்றும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? இஞ்ஜினியர்களுக்குக் கனவில் தெரியுமோ?

பதில் எழுது. சாப்பாட்டில் கவனம் வை.

அக்கா
ஜோசபின்

*

பார்சிப்பனி
15 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆபீஸில் வேலை தலைக்கு மேல்.

நல்ல செய்தி ஒன்று. பிலோமினா முழுகாமல் இருக்கிறாள். ஜூலையில் என்று டாக்டர் சொல்கிறார். எதைத் தின்றாலும் வாந்தி. கீழ்வீட்டுப் பர்வதம் ஆன்ட்டி செய்து தரும் சீரக ரசம் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது. கிரீன் கார்டு விஷயமும் நகர்ந்திருக்கிறது. கம்பெனி வக்கீல் அடுத்த கோடைக்குள் கிடைத்துவிடும் என்கிறார். அதுவரை இந்தக் கம்பெனியை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி முதல் கட்டத்துக்கு வந்துவிடுவோம்.

நீங்கள் சொல்லும் கதவு சட்டத்தில் இருப்பது உண்மை. இதுவரை யாரும் அதைத் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மே மாதம் வர முடியுமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எனக்குப் பதிலாக வேறு யாரையாவது நிறுத்தலாமா என்று சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

வளைவில் தண்ணீரைத் தொடுவது போலச் சாய்ந்து ஒரு மரம் நிற்குமே, அதில் நீங்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தீர்கள். அது இன்னும் இருக்கிறதா?

தம்பி
தேவதாஸ்

*

சேசு மரி சூசை

ஃப்ரீமான்ட்
1 பிப்ரவரி 1987

அன்புத் தம்பிக்கு,

பிலோமினாவுக்கு வாந்தி நின்றதா? உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்று சந்தோஷத்தில் நான் கேக்கைக் கருக்கிவிட்டேன். ஜனவரியில் நான் அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்றுகூட நீ எழுதவில்லை. மரம் இருக்கிறது. அதிலும் ரிப்பன் கட்டியிருக்கிறது.

போன வாரம் மலையடிவாரத்து ஊரில் வன இலாகா கூட்டம் நடந்தது. கார் ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் அத்தான், "வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்லி நம்ம பழமொழியே இருக்கு, நீ அணைக்கு எதிராப் பேசப் போற" என்று சீண்டிக்கொண்டே வந்தார். ஆனால் குடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில்தான் கூட்டம். கம்பெனிக்காரர்கள் ஒரு மேசை போட்டு, பலகையில் பெரிய மேப் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று எண் போட்டிருந்தது. நம் இடத்தில் மட்டும் எண் இல்லை. அதற்குப் பதில் சின்ன ஆங்கில எழுத்தில் 'எலிசா வளைவு' என்று இருந்தது.

நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தப் பெயரை அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் காரில் வைத்தது நீ. நம் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மேசையிலிருந்த பையனிடம் யார் இந்தப் பெயரைப் போட்டது என்று கேட்டேன். "நியூ ஜெர்சி ஆபீஸ்ல போட்டது மேடம், எனக்குத் தெரியாது" என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தான் அப்போது காபி வாங்கப் போயிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். எழுதிக் கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. அதனால் நீ சாமியாருக்கு எழுதியதைச் சொன்னேன். எங்கள் மகளுக்கு அந்த ஆற்றில்தான் ஞானஸ்நானம் நடந்தது, அது செல்லும் என்று ஏழு வருடம் எழுதாமலே விட்டோம், அது எங்கள் தவறு என்றேன். காடு காப்பில் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் தெரிந்தவர்கள் ஒரு நாள் இல்லாமல் போவார்கள், ஆகவே யாரும் மாற்ற முடியாத இடத்தில் ஆற்றின் பெயரை எழுதி வையுங்கள் என்றேன். இது என் தம்பியின் வார்த்தை என்றும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

மேப் அழகாக இருந்தது, தேவா. மற்ற எண்களுக்கு நடுவே அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நீ அவளை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பதிலுக்கு அவசரமில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஃப்ரீமான்ட்
8 மார்ச் 1987

மச்சான் தேவதாசுக்கு உன் அத்தான் ஞானம் எழுதுவது,

நான் கடிதம் எழுதுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு உன் அக்காவுக்கு எழுதிய ஒரே கடிதத்தையும் நண்பன் ஒருவன்தான் எழுதிக்கொடுத்தான். ஆகவே இதைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

என்னப்பா ஆயிற்று? போன் அடித்தால் பிலோமினா எடுத்து நீ குளிக்கிறாய் என்கிறாள். எப்போது அடித்தாலும் குளிக்கிறாய். இவ்வளவு குளித்தால் நியூ ஜெர்சியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடும்.

உன் அக்கா தபால்காரன் வரும் நேரம் பார்த்து வீட்டுச் செருப்போடு வாசலுக்குப் போகிறாள். மின்சார பில்லோடு திரும்பி வருகிறாள். கூட்டத்துக்குப் போய் வந்தது முதலே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். என்ன என்று கேட்டால் "மேப் நல்லா இருந்துச்சு" என்கிறாள். மேப்பைப் பார்த்து யாராவது அழுவார்களா?

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் சண்டையில் மூக்கை நுழைத்தால் கடைசியில் அடி எனக்குத்தான் விழும். வன இலாகாவுக்கு மார்ச் கடைசி வரை கருத்து எழுதலாமாம். நான் என்னுடையதை அனுப்பிவிட்டேன். குடைக்காரன் தோற்றான் என்று எழுதினேன். நீ வன இலாகாவுக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும் உன் அக்காவுக்கு இரண்டு வரி எழுது.

ஞானம்

*

பார்சிப்பனி
24 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இப்போது இல்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன். சுகம்தானே? ஊறுகாய் வந்தது. பிலோமினா முழுப் பாட்டிலையும் தனியாகத் தின்றாள்.

லாசர் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும், எந்த மாதம் வற்றும், அணை எவ்வளவு உயரம் வேண்டும் என்ற கணக்கெல்லாம் நான் போட்டது. போன கோடையில் அந்த வேலை என் மேசைக்கு வந்தது. ஆற்றின் பெயரைப் பார்த்ததும் இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் வயிறு அந்த ஆபீஸில் இருந்தது. ஏற்கெனவே காப்பில் இருக்கும் ஆற்றுக்குக் கூடுதல் அறிவிப்பு தேவையில்லை என்று கம்பெனி அறிக்கையில் எழுதியவனும் நான்தான். உங்களுக்கு எழுதியதும் அதே வரிதான். அந்தக் கதவு இருப்பது எனக்குத் தெரியும் அக்கா. அந்தக் கதவு வழியாக நுழைவதுதான் எங்கள் கம்பெனியின் திட்டமே.

பெயர் எப்படி மேப்பில் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வலி குறைவாக இருந்திருக்கும். பிரிவுகளுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்ததும் கை தானாக அதை எழுதிவிட்டது. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். திருத்தச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அந்த மேப்பிலேயே நான் உண்மையாக எழுதியது அது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தை ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பிலோமினாவிடம் போன வாரம்தான் சொன்னேன். கார்டு போய்விடுமே என்று அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. "பொறக்கப் போற பிள்ளைட்ட என்னத்தச் சொல்லப் போறீய? அத்த வீட்டு ஆத்த அடைச்சுத்தான் கார்டு வாங்குனோம்னா?" என்று கேட்டாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய், வன இலாகாவுக்கு என் சொந்தப் பெயரில் எழுதப் போகிறேன், கம்பெனிக் கணக்கு எதையும் தொட மாட்டேன் என்று சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. கிரீன் கார்டு விண்ணப்பம் கம்பெனியுடையது, ஆள் போனால் அதுவும் போகும், யோசித்துச் செய் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

கடிதத்தைத் தபாலில் போட்டாயிற்று. ஆற்றைத் தன் பெயரில் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். காட்டுச் சட்டம் காட்டைத்தான் பார்க்கிறது, அதிலுள்ள ஒரு கதவு ஆற்றுக்கு எதிராகத் திறக்கும் என்று இஞ்ஜினியராக எழுதினேன். கடைசியில், அந்தத் தண்ணீரைக் கையால் மொண்டவன் என்ற முறையிலும் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஏப்ரலோடு இங்கே வேலை முடிகிறது. டெக்சஸில் எனக்குப் பாடம் எடுத்த பழைய புரொபசர் இப்போது ஹூஸ்டனில் குடிதண்ணீர்க் குழாய் வேலைக்கு ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறார். வா என்கிறார். கார்டுக்கு முதல் கட்டத்திலிருந்து மறுபடி தாயம் உருட்ட வேண்டும்.

மே மாதம் நான் ஞானத் தகப்பனாக வந்து நிற்கலாமா? வேறு யாரையும் பார்த்துவிட்டீர்களா?

தேவா

*

சேசு மரி சூசை

ஃப்ரீமான்ட்
31 மார்ச் 1987

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் போய்க் காரைக் கழுவினார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

வேறு யாரையும் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். உனக்காகத்தான் காத்திருந்தேன், ஆறு போனாலும் போகட்டும், நீ போய்விடக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாகச் செபமாலை சொன்னேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதிவிட்டேன்.

பிலோமினாவை அழைத்து வராதே. இந்தக் குடும்பத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரியை ஊர் சுற்றக் கூட்டிப்போவது ராசியில்லை. பர்வதம் ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு வா. அந்த பிளாஸ்க் மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்க் உடைந்து ஐந்து வருடமாகிறது.

சட்டை இஸ்திரி போட்டு எடுத்து வா. போன தடவை மாதிரி என் புடவைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி மடித்துத் தர மாட்டேன்.

அக்கா

*

ஹூஸ்டன்
30 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சிப்பனியைக் காலி செய்துவிட்டு இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். இங்கே வெயில் நம் ஊர் வெயிலேதான். பிலோமினா ஸ்வெட்டர்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டே குழாய் வரைகிறேன். சாமியார் எலிசாவின் தலையில் எண்ணெய் பூசினார், வெள்ளைத் துணி போர்த்தினார், என் கையில் மெழுகுதிரி தந்தார். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. அவள் ஏமாந்துபோய் என் கையைச் சுரண்டி, "நோ வாட்டர்?" என்று கேட்டாளே. சாமியார் குனிந்து அவளிடம் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. தண்ணீர் ஒருமுறைதான் அம்மா, அதை உன் மாமா அன்றைக்கே ஊற்றிவிட்டார், அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை, எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான் என்றார். நான் கூட்டத்தில் அழுதது வெட்கமாகத்தான் இருந்தது. அத்தான் கைக்குட்டை தந்தார். அதில் கார் துடைத்த கிரீஸ் வாசனை.

ஏட்டில் ஞானஸ்நானம் நடந்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எல்லாருக்கும் கோவில் பெயர். அவளுக்கு மட்டும் ஆற்றின் பெயர்.

மறுநாள் வளைவுக்குப் போனோமே, ரிப்பன்கள் வெளுத்திருந்தன. எட்டு வருடம் கழித்து நேரில் பார்த்தேன், நடுவில் காகிதத்தில் மட்டும் பார்த்த இடம். என் கணக்குப்படி தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்தேன். அந்தச் சாய்ந்த மரத்தின் உச்சிக்கும் மேலே. நான் அதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தம்பி
தேவதாஸ்

*

சேசு மரி சூசை

ஃப்ரீமான்ட்
18 அக்டோபர் 1987

அன்புத் தம்பிக்கும் பிலோமினாவுக்கும் குட்டி மருமகனுக்கும்,

சுகம். குழந்தைக்குச் சளி விட்டதா? வெந்நீரில் ஓமம் போட்டு ஆவி காட்டச் சொல். பிறந்த மூன்றாம் வாரமே ஞானஸ்நானம் கொடுத்து, சான்றிதழின் நகலை நான் கேட்காமலே அனுப்பிவிட்டாய். சிரித்துக்கொண்டே அலமாரியில் வைத்தேன். கார்டுக்குப் புது ஆபீஸில் மனு போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். உருளட்டும் தாயம்.

வன இலாகா முடிவு வந்துவிட்டது. லாசர் ஆற்றைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வாஷிங்டனுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். காட்டுக்குள் இருப்பதால் மட்டும் அணையிலிருந்து ஆறு தப்பாது, அதற்குத் தனி அறிவிப்பு தேவை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அங்கே இன்னும் ஓட்டு எடுக்க வேண்டும். அது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அத்தான் மவ்ரி அவென்யூ கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். அணை போடச் சொன்ன பழமொழியை இனிமேல் சொல்ல மாட்டாராம்.

அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு மேப் வைத்திருக்கிறார்கள். புதிதாக வரைய நேரமில்லை போலிருக்கிறது. கம்பெனி வரைந்ததையே எடுத்து, அணைக் கோட்டை மட்டும் அழித்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். எண்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நீ எழுதிய பெயரும் அப்படியே இருக்கிறது. சர்க்கார் முத்திரைக்குக் கீழே.

எலிசாவிடம் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். யார் எழுதியது என்று இங்கிலீஷில் கேட்டாள். மாமா என்றேன். ஏன் என்று கேட்டாள். "அவனுக்கே தெரியாம எழுதிட்டான்" என்றேன். அழிக்காமல் விட்டாரே, அதற்குத் தாங்க்ஸ் சொல்லு என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி அணை கட்ட எவன் வந்தாலும் உன் மருமகளின் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்க வேண்டும்.

குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்காதே. ஹூஸ்டனில் குளிரே இல்லை என்று பதில் எழுதாதே. அதையும் நான் அறிவேன்.

உன் அக்கா
ஜோசபின்